வெயிட்லிஃப்டிங் பெல்ட்: தேர்வு, கட்டும் முறை, பராமரிப்பு – முழுமையான வழிகாட்டி

ஜிம்மில் பெல்ட் கட்டும் பலர் அதை முதுகுக்கான கவசம் என்றே நினைக்கிறார்கள். முதுகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், டிஸ்க் விலகாமல் காக்கும் என்ற நம்பிக்கையில் பின்பக்கம் அகலமாக இருக்கும் பெல்டாகத் தேடி வாங்குகிறார்கள். உண்மையில் பெல்ட் வேலை செய்வது வயிற்றுப் பக்கத்திலிருந்து. இது ஒன்று புரிந்துவிட்டால் போதும். எந்த அகலம், எவ்வளவு இறுக்கம், எந்த இடத்தில் கட்டுவது என்ற கேள்விகளுக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

பெல்ட் எப்படி வேலை செய்கிறது

கனமான எதையாவது தூக்கும் முன், யாரும் சொல்லிக்கொடுக்காமலே நாம் மூச்சை இழுத்துத் தம் கட்டுகிறோம். அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றுபவரும் அதைத்தான் செய்கிறார். மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானத் தசை கீழே இறங்குகிறது. வயிற்றுத் தசைகள் சுற்றிலும் இறுகுகின்றன. அடியில் இடுப்புத் தளத் தசைகள் தாங்குகின்றன. இவற்றுக்கு நடுவே அடைபட்ட வயிற்றறையில் அழுத்தம் ஏறி, முதுகெலும்பு வளைந்துவிடாமல் முன்பக்கத்திலிருந்து முட்டுக்கொடுக்கிறது. குரல்வளையை மூடிக்கொண்டு இப்படித் தம் கட்டுவதற்கு வல்சால்வா முறை என்று பெயர். 1666 முதல் 1723 வரை வாழ்ந்த இத்தாலிய மருத்துவர் அந்தோனியோ மரியா வல்சால்வாவின் பெயரால் வழங்குவது அது.

அந்த அழுத்தத்துக்கு வெளியே ஒரு சுவர் எழுப்புவதுதான் பெல்டின் வேலை. சைக்கிள் ட்யூபைத் தனியாக எடுத்துக் காற்றடித்தால் அது பாட்டுக்கு உப்பிக்கொண்டே போகும்; டயருக்குள் வைத்து அடித்தால்தான் விண்ணென்று இறுகும். வயிறு ட்யூப் என்றால் பெல்ட் டயர். காற்றே இல்லாத ட்யூபின்மேல் எவ்வளவு உயர்ந்த டயரை மாட்டியும் பயனில்லை. தம் கட்டத் தெரியாதவருக்கு எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெல்டும் அப்படித்தான்.

சுமை தூக்கும் தொழிலாளர்களுக்காக விற்கப்படும் முதுகு பெல்ட்களைப் பற்றி அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் 1994-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. காயமில்லாத தொழிலாளர்களுக்கு அடிபடாமல் தடுக்கும் சாதனமாக அவற்றைப் பரிந்துரைக்க முடியாது என்பதே அதன் முடிவு. பெல்ட்டைச் சுற்றிக்கொண்டு நாள் முழுக்கத் திரிவது யாரையும் காக்காது. மெடிக்கல் ஷாப்பில் முதுகுவலிக்காகக் கிடைக்கும் எல்.எஸ். பெல்ட்டும், வியர்வை வரவழைத்துத் தொப்பையைக் குறைக்கும் என்று விற்கப்படும் ரப்பர் பெல்ட்டும் வேறு பொருள்கள். அவற்றைக் கட்டிக்கொண்டு ஸ்குவாட் (தோளில் எடையோடு குந்தி எழுவது) செய்யக் கூடாது.

தம் கட்டும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். அதனால் பிபி உள்ளவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், கண் அழுத்த நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அண்மையில் வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பெல்ட் பக்கம் போக வேண்டாம். ஏற்கெனவே முதுகுவலி இருந்து, பெல்ட் கட்டினால் வலி தெரியவில்லை என்பதற்காகக் கட்டுவது இன்னும் மோசம்.

எப்போது வாங்கலாம்

ஜிம்மில் சேர்ந்த முதல் சில மாதங்களுக்குப் பெல்ட் தேவையில்லை. ஸ்குவாட்டிலும் டெட்லிஃப்டிலும் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது) ஐந்து ரெப், அதாவது ஐந்து முறை, முடியும்வரை முதுகு வளையாமல், ஒவ்வொரு ரெப்புக்கும் புதிதாகத் தம் கட்டி இறங்க முடிகிறதா என்று பாருங்கள். முடிகிறது என்றால் வாங்கலாம். முடியவில்லை என்றால் அந்தப் பணத்தை ஒரு நல்ல மாஸ்டரிடம் கற்றுக்கொள்ளச் செலவிடுங்கள்.

வாங்கிய பிறகும் எல்லா செட்டுக்கும் கட்ட வேண்டியதில்லை. ஒரே ஒரு முறை தூக்க முடிகிற அதிகபட்ச எடையில் சுமார் 80 சதவீதத்துக்கு மேல் போகும்போது கட்டுவது நல்ல வழக்கம். உங்கள் அதிகபட்ச ஸ்குவாட் 100 கிலோ என்றால், எடை மாட்டாத வெறும் ராடு, 40, 60 எல்லாம் பெல்ட் இல்லாமல். கடைசி வார்ம்அப்பான 70-லேயே கட்டிக்கொண்டு பழகி, 80-க்கு மேல் பெல்டோடு. பைசெப் கர்லுக்கும் லாட் புல்டவுனுக்கும் பெல்ட் எதற்கும் உதவாது. பெஞ்ச் பிரஸ்ஸில் சிலர் கட்டுகிறார்கள், பயன் குறைவுதான்.

எந்த வகை

முதலில் நீங்கள் செய்வது எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஸ்குவாட், பெஞ்ச், டெட்லிஃப்ட் என்று செய்யும் வலுதூக்குதலுக்கு ஒரு வகை பெல்ட். ராடைத் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் என்று செய்யும் ஒலிம்பிக் பளுதூக்குதலுக்கு இன்னொரு வகை. வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்ட் கோஸ்டிலும் 77 கிலோ பிரிவில் காமன்வெல்த் தங்கம் வென்றது இரண்டாவது விளையாட்டில். அதில் ராடு தொடையையும் இடுப்பையும் உரசிக்கொண்டு மேலே வரும், முழுதாகக் குந்தி எழ வேண்டும். முன்பக்கம் தடித்த பக்கிளும் லீவரும் அங்கே இடைஞ்சல். அதனால் முன்பக்கம் குறுகிய தோல் பெல்ட்டோ, வெல்க்ரோ வைத்த நைலான் பெல்ட்டோ பொருந்தும்.

ஸ்குவாட்டும் டெட்லிஃப்டும்தான் முக்கியம் என்பவர்களுக்குச் சுற்றிலும் ஒரே அகலமுள்ள தோல் பெல்ட்தான் சரி. பின்னால் ஆறு இஞ்ச், முன்னால் இரண்டு இஞ்ச் என்று வரும் பாடிபில்டிங் பெல்ட் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் வயிறு முட்டித் தள்ள வேண்டிய இடத்தில் இரண்டே இஞ்ச் சுவரை வைத்துவிட்டு, முட்டாத இடத்தில் ஆறு இஞ்ச் வைப்பதில் அர்த்தமில்லை.

அகலம் பெரும்பாலோருக்கு 4 இஞ்ச், அதாவது 10 செ.மீ. குட்டையான உடற்பகுதி உள்ளவர்களுக்கு, குறிப்பாகப் பெண்கள் பலருக்கு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேட்டுக்கும் நடுவே 10 செ.மீ. இடமே இருக்காது. பக்கவாட்டில் டேப்பை வைத்து அளந்து பாருங்கள். அந்த இடம் இல்லை என்றால் 3 இஞ்ச் பெல்ட்டை வாங்குங்கள். 4 இஞ்ச்சை வைத்து மல்லுக்கட்டினால் ஒவ்வொரு ஸ்குவாட்டிலும் விலா கன்றிப்போகும்.

தடிமனில் 10 மி.மீ., 13 மி.மீ. என்று இரண்டு உண்டு. 13 மி.மீ. அதிக விறைப்பு, உடம்புக்குப் பழக மாதக்கணக்கில் ஆகும். 200 கிலோவுக்கு மேல் ஸ்குவாட் செய்கிற பெரிய உடல்வாகு இல்லாதவர்களுக்கு 10 மி.மீ. தாராளமாகப் போதும். முதல் பெல்ட் 13 மி.மீ. வாங்கி, வலி தாங்காமல் மூலையில் போட்டுவிடுவதைவிட 10 மி.மீ. வாங்கி தினமும் கட்டுவது மேல்.

இனி பூட்டும் முறை. ஒரு முள் பக்கிள் எளிது, உறுதி. இரண்டு முள் பக்கிள் இன்னும் உறுதியாகத் தோன்றினாலும் இரண்டு முள்ளையும் ஒரே நேரத்தில் ஓட்டையில் செலுத்துவது, அதுவும் கை நடுங்கும் கனமான செட்டுக்கு முன், எரிச்சலான வேலை. ஒரு முள்ளே எந்த எடைக்கும் தாங்கும். லீவர் ஒரே தட்டில் பூட்டும், ஒரே தட்டில் திறக்கும். இறுக்கம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இருக்கும். ஆனால் பெரும்பாலான லீவர்களில் ஓட்டை மாற்ற ஸ்க்ரூடிரைவர் எடுத்துத் திருகைக் கழற்ற வேண்டும். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்த வயிறும் அதிகாலை வெறும் வயிறும் ஒரே அளவு இல்லை. ஸ்குவாட்டுக்கும் டெட்லிஃப்ட்டுக்கும் வேறு வேறு இறுக்கம் வேண்டும் என்பவர்களும் உண்டு. அவர்களுக்கு முள் பக்கிளே நிம்மதி. ஒரே ஒரு பெல்ட் வாங்கப்போகிறீர்கள் என்றால் 10 செ.மீ. அகலம், 10 மி.மீ. தடிமன், ஒரு முள் பக்கிள். எங்கள் பரிந்துரை இதுதான்.

போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். சர்வதேச வலுதூக்குதல் கூட்டமைப்பின் விதிப்படி பெல்ட் 10 செ.மீ. அகலத்தையும் 13 மி.மீ. தடிமனையும் தாண்டக் கூடாது. உள்ளே கூடுதல் பஞ்சு வைத்திருக்கக் கூடாது. சர்வதேசப் போட்டிகளில் அவர்கள் அனுமதித்த பட்டியலில் உள்ள நிறுவனங்களின் பெல்ட்டே செல்லும். உங்கள் மாவட்ட, மாநிலப் போட்டியில் அந்தப் பட்டியலைக் கடைப்பிடிக்கிறார்களா என்று சங்கத்தில் முன்பே கேட்டுவிடுங்கள். பளுதூக்குதலில் பெல்ட் 12 செ.மீ. வரை அகலம் இருக்கலாம். உடைக்கு மேல்தான் கட்ட வேண்டும்.

அளவு எடுப்பது

பேன்ட் அளவைச் சொல்லி பெல்ட் வாங்கினால் பெரும்பாலும் சின்னதாகத்தான் வரும். பேன்ட் இடுப்பில் நிற்கிறது, இந்த பெல்ட் தொப்புள் உயரத்தில் நிற்கிறது.

ஜிம்முக்குப் போடும் டி-சர்ட்டோடு நேராக நில்லுங்கள். வயிற்றை எக்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். தையல்காரர் டேப்பைத் தொப்புளின் மேல் சுற்றி, தரைக்கு இணையாகப் பிடித்து, இறுக்காமல் அளவைப் படியுங்கள். 32 இஞ்ச் பேன்ட் போடுபவருக்கு இங்கே 35 இஞ்ச் வந்தால் ஆச்சரியமில்லை. நிறுவனத்தின் அளவுப் பட்டியலில் இந்த எண் ஓட்டைகளின் நடுப்பகுதியில் விழுகிற அளவைத் தேர்ந்தெடுங்கள். உடம்பு ஏறினாலும் இறங்கினாலும் இரண்டு பக்கமும் மிச்சம் இருக்கும். கடைசி ஓட்டையில் போட்டால்தான் பொருந்துகிறது என்ற பெல்ட்டை விலை குறைவு என்பதற்காக வாங்கிவிடாதீர்கள்.

ஓட்டைகளுக்கு இடையே ஒரு இஞ்ச் இருப்பது சாதாரணம். சில நிறுவனங்கள் அரை இஞ்ச்சுக்கு ஒன்று போடுகின்றன. ஒரு ஓட்டையில் மூச்சு முட்டுகிறது, அடுத்த ஓட்டையில் தொளதொளக்கிறது என்ற தொல்லை இதில் இருக்காது. கிடைத்தால் வாங்குங்கள்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

விளிம்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெல்ட்டைத் திருப்பி, வெட்டுப்பக்கத்தைக் கண்ணருகே கொண்டுவாருங்கள். 10 மி.மீ. தடிமன் ஒரே தோலில் வருவது அரிது. பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று அடுக்குத் தோலைப் பசை போட்டு ஒட்டித் தைத்திருப்பார்கள், அதில் தவறில்லை. அடுக்குகளுக்கு நடுவே நார் நாராகத் தோல் தெரிய வேண்டும். அட்டையோ, ஸ்பாஞ்சோ, துணியில் ஒட்டிய பிளாஸ்டிக் பூச்சோ தெரிந்தால் அது ரெக்சின் பெல்ட். ஆறு மாதத்தில் நடுவில் மடிந்து, மடிந்த இடத்திலேயே உரியும்.

வெட்டுப்பக்கத்தின் நடுவில் நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் அது பெரும்பாலும் குரோம் முறையில் பதனிட்ட தோல். ஷூவின் மேல்பகுதிக்கும் பைக்கும் ஏற்ற மென்மை அதற்கு உண்டு. பெல்ட்டுக்கு வேண்டிய விறைப்பு குறைவு. உள்ளேயும் பழுப்பாகவே இருப்பது மரப்பட்டையில் பதனிட்ட தோல். தமிழ்நாட்டுத் தோல் தொழிலுக்கு இது பழகிய முறை. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் ஒரு காலத்தில் இங்கிருந்து கப்பல் கப்பலாகப் போனது. பெல்ட்டுக்கு இந்தத் தோலே சிறந்தது.

அடுத்து, பெல்ட்டை வட்டமாக வளையுங்கள். உள்பக்கம் சின்னச் சின்னச் சுருக்கம் விழுந்தால் பரவாயில்லை. பாளம் பாளமாக மடிப்பு விழுந்தாலோ, மேல்தோல் கொப்புளம் போலத் தூக்கிக்கொண்டு நின்றாலோ அடுக்குகள் சரியாக ஒட்டவில்லை. தையலை நகத்தால் கீறிப் பாருங்கள். நூல் தோலுக்குள் அமுங்கி, சீரான இடைவெளியில் போக வேண்டும். பக்கிளைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகள் ஆடக் கூடாது. முள் வளையத்தில் தாராளமாகத் திரும்ப வேண்டும், ஆனால் பக்கவாட்டில் நழுவக் கூடாது. உள்பக்கம் சொரசொரப்பான ஸ்வீடு தோல் வைத்திருந்தால் வியர்வையில் வழுக்காமல் உடம்பைப் பற்றிக்கொள்ளும். வழவழப்பான உள்பக்கம் துடைக்க எளிது, ஆனால் இடுப்பு வாகைப் பொறுத்து மேலே ஏறிக்கொள்ளும்.

புது பெல்ட்டைப் பழக்குவது

புதிய தோல் பெல்ட் பலகையாகத்தான் இருக்கும். தினமும் ஐந்து நிமிடம், பாய் சுருட்டுவதுபோல் இறுக்கமாகச் சுருட்டி விரியுங்கள். பிறகு எதிர்ப்பக்கமாகவும் சுருட்டுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் 10 மி.மீ. பெல்ட் இடுப்பின் வளைவுக்கு இணங்கத் தொடங்கும். அதுவரை இலகுவான செட்டுகளில் ஓர் ஓட்டை தளர்த்திக் கட்டிப் பழகுங்கள். தண்ணீரில் ஊறவைப்பது, வெயிலில் காயப்போடுவது, எண்ணெயில் முக்குவது எல்லாம் வேண்டாம். எண்ணெயில் இளகிய தோல் திரும்ப விறைக்காது, வெயிலில் தோல் வறண்டு வெடிக்கும். விறைப்புக்காகத்தானே இந்த பெல்ட்டை வாங்கினோம்.

விளிம்பு கூர்மையாக இருந்து விலாவில் வெட்டினால், 400 எண் உப்புத்தாளால் உள்விளிம்பை மட்டும் லேசாகத் தேய்த்து உருட்டுங்கள். பிறகு தேன்மெழுகைத் தடவி ஒரு துணியால் சூடேறும்வரை தேயுங்கள். மேல்தோலில் உப்புத்தாள் படக் கூடாது.

கட்டும் முறை

பெல்ட் இல்லாமலே தம் கட்டப் பழகுவதில் தொடங்குங்கள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, கட்டைவிரல் முதுகுப் பக்கமும் மற்ற விரல்கள் வயிற்றுப் பக்கமும் வரும்படி இடுப்பைப் பிடியுங்கள். மூச்சை இழுக்கும்போது எல்லா விரல்களையும் ஒருசேர வெளியே தள்ள வேண்டும். நெஞ்சு மட்டும் ஏறினால் காற்று தவறான இடத்துக்குப் போகிறது. படுத்து வந்ததை நின்று செய்து பாருங்கள். பிறகு பெல்ட்.

1. பெல்ட்டைத் தொப்புளை மறைக்கும்படி சுற்றுங்கள். கீழ்விளிம்பு இடுப்பெலும்பின் மேட்டில் இடிக்கக் கூடாது, மேல்விளிம்பு விலாவில் குத்தக் கூடாது. ராடு இல்லாமல் ஒரு முறை முழுதாகக் குந்திப் பாருங்கள். எங்கே இடிக்கிறது என்று தெரியும். அரை இஞ்ச் மேலே கீழே நகர்த்தினாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

2. சாதாரணமாக மூச்சை விட்டுவிட்டு இழுத்துப் பூட்டுங்கள். வயிற்றை எக்கினால்தான் முள் ஓட்டைக்கு எட்டும் என்றால் அந்த ஓட்டை உங்களுக்கு அல்ல. பூட்டியபின் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும்; கை முழுதும் நுழைந்தால் தளர்வு. விறைத்த பெல்ட்டின் வாலை, ராடு வைக்கும் ரேக்கின் கம்பத்தில் கொடுத்துப் பிடித்துக்கொண்டு உடம்பைப் பின்னுக்குச் சாய்த்தால் பூட்டுவது எளிது.

3. ராடுக்கு அடியில் நின்று, தோள் ஏறாமல், வயிறு நிறைய மூச்சை இழுங்கள். முன்பக்கம் மட்டுமல்லாமல் இரண்டு விலாப்புறமும் முதுகுப் பக்கமும் பெல்ட்டில் முட்டுவதை உணர வேண்டும்.

4. குரல்வளையை மூடி, அடிவயிற்றில் யாரோ குத்தப்போகிறார்கள் என்பதுபோல் வயிற்றை இறுக்குங்கள். வயிற்றை வெறுமனே உப்ப வைப்பது போதாது. உப்பிய வயிறு இறுக வேண்டும். புதிதாகக் கட்டுபவர்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். பெல்ட் இறுக்கமாக இருப்பதால் வேலை நடந்துவிட்டது என்று நினைத்து வயிற்றைத் தளரவிட்டுவிடுகிறார்கள்.

5. அதே தம்மில் இறங்கி ஏறுங்கள். எழும்போது கடினமான இடத்தைத் தாண்டியபின் பல்லிடுக்கில் கொஞ்சமாகக் காற்றை விடலாம். முழுதாக நிமிர்ந்து நின்றபின் அடுத்த ரெப்புக்குப் புதிய மூச்சு. ஒரே தம்மில் மூன்று ரெப் போக வேண்டாம், கண் இருட்டும்.

6. ராடை வைத்தபின் மெதுவாக மூச்சை விடுங்கள், பெல்ட்டைத் தளர்த்துங்கள். கனமான டெட்லிஃப்ட்டில் ராடைக் கையில் வைத்துக்கொண்டே காற்றை ஒரேயடியாக விட்டால் தலைசுற்றி விழுகிற ஆபத்து உண்டு.

டெட்லிஃப்ட்டுக்குச் சின்ன மாற்றம் தேவை. குனிந்து ராடைப் பிடித்தபின் வயிற்றில் காற்றுக்கு இடமிருக்காது. அதனால் நின்றபடி மூச்சை இழுத்துத் தம் கட்டிக்கொண்டு குனியுங்கள். பெல்ட்டை ஸ்குவாட்டில் கட்டுவதைவிட ஒரு விரற்கடை மேலே ஏற்றி, ஓர் ஓட்டை தளர்த்துங்கள். தொடைக்கும் விலாவுக்கும் நடுவே பெல்ட் மாட்டிக்கொண்டு முதுகை வளைய வைப்பது இதனால் குறையும். பக்கிள் வயிற்று மடிப்பைக் கிள்ளினால் அதைப் பக்கவாட்டுக்குத் திருப்பிக்கொள்ளலாம்.

எங்கே தவறுகிறது, ஏன்

பெல்ட் செட்டின் நடுவில் மேலே ஏறிக்கொண்டே போனால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, தளர்வு. இன்னொன்று, இடையும் இடுப்பும் பெரிதும் வேறுபடும் உடல்வாகில் நேரான பெல்ட் பிடிமானம் இல்லாமல் வழுக்குவது. முதலாவதற்கு ஓர் ஓட்டை இறுக்குங்கள். இரண்டாவதற்கு 3 இஞ்ச் பெல்ட், ஸ்வீடு உள்பக்கம், பருத்தி டி-சர்ட். வழவழப்பான பாலியஸ்டர் டி-சர்ட்டின்மேல் எந்த பெல்ட்டும் நிற்காது.

பெல்ட் கட்டியும் எடை கூடவே இல்லை, மூச்சுதான் முட்டுகிறது என்றால் பெரும்பாலும் இறுக்கம் அதிகம். வயிறு விரிய இடமில்லாததால் காற்று நெஞ்சுக்கு ஏறுகிறது. தளர்த்திப் பாருங்கள், எடை தானாக இலகுவாகும்.

விலாவில் சிவந்த கோடு விழுவது புது பெல்ட்டில் இயல்பு, ஒரு நாளில் மறையும். நீலம் பாய்ந்த கன்றல் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் இடமோ அகலமோ தவறு. மூச்சு விடும்போது விலாவில் ஊசி குத்துவதுபோல் வலித்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

வெல்க்ரோ பெல்ட் கனமான ரெப்பில் பட்டென்று விட்டுவிடுகிறது என்றால் பல நேரம் காரணம் கொக்கிகளில் அடைந்த பஞ்சும் நூலும், கையில் பூசும் மெக்னீசியம் கார்பனேட் பொடியும்தான். லீவர் திறந்துகொள்வது கொக்கி ஓட்டைக்குள் முழுதாக இறங்காமல் மூடியதால், அல்லது அடித் திருகு தளர்ந்ததால். மாதம் ஒருமுறை திருகை இறுக்குங்கள். திருகுப் பசை ஒரு சொட்டு விட்டால் அடிக்கடி தளராது.

பராமரிப்பு

பெல்ட்டை முதலில் கெடுப்பது வியர்வையும் காற்றோட்டமில்லாத பையும். பயிற்சி முடிந்ததும் உலர்ந்த துணியால் உள்பக்கத்தைத் துடைத்து, வீட்டில் நிழலில், காற்று வரும் இடத்தில் பக்கிளைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். ஜிம் பைக்குள் ஈர டவலோடு சுருட்டி வைத்தால், சென்னை போன்ற கடலோர ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு வாரத்திலேயே பூஞ்சை பிடித்துவிடும். வெயிலில் நிற்கும் கார் டிக்கியிலும் வைக்காதீர்கள். அடுக்குகளை ஒட்டிய பசை இளகும், தோல் வறண்டு வெடிக்கும்.

வழவழப்பான தோலை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பிழிந்த ஈரத்துணியில், தோலுக்கென்று விற்கும் சேடில் சோப்பு கொஞ்சம் எடுத்துத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை, அதுவும் தோல் வறண்டு தெரிந்தால் மட்டும், லெதர் கண்டிஷனரை ஒரு ரூபாய் நாணய அளவு எடுத்து பெல்ட் முழுக்கப் பரவலாகத் தேயுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். தோல் கறுத்து, தொய்ந்து, டி-சர்ட்டில் கறை ஏற்றி, கொஞ்ச நாளில் சிக்கு வாடை அடிக்கும். ஸ்வீடு பக்கத்தில் எண்ணெயும் தண்ணீரும் ஆகாது. உலர்ந்த பழைய டூத் பிரஷால் ஒரே திசையில் தேய்த்தால் அழுக்கும் உப்பும் உதிரும்.

பூஞ்சை பிடித்திருந்தால் வீட்டுக்கு வெளியே எடுத்துப்போய், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு உலர்ந்த பிரஷால் தட்டுங்கள். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து துடைத்து, இரண்டு நாள் நிழலில் காயவிடுங்கள். நிறம் மாறுகிறதா என்று முதலில் கண்ணில் படாத ஓரத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் பெல்ட் வைக்கும் அலமாரியில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகள் நாலைந்து போட்டு வைப்பது உதவும்.

பக்கிளிலும் லீவரிலும் ஈரத்தைத் துடைத்து, அசையும் மூட்டில் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. நைலான் பெல்ட்டை வெல்க்ரோவை மூடிவிட்டு, பச்சைத் தண்ணீரில் மென்மையான சோப்புப் போட்டுக் கையால் துவைக்கலாம். வாஷிங் மெஷினிலும் வெந்நீரிலும் போட்டால் வெல்க்ரோவின் பிடி போய்விடும். கொக்கிகளில் சிக்கியதைப் பல் நெருக்கமான சீப்பால் வாரி எடுங்கள்.

கூடுதல் ஓட்டை வேண்டுமென்றால் ஆணியை அடித்துத் துளைக்காதீர்கள். ஆணி நாரைக் கிழித்துத் தள்ளும்; அந்தக் கிழிசல் நாளடைவில் அடுத்த ஓட்டைவரை ஓடும். செருப்புத் தைப்பவரிடம் வட்ட உளி இருக்கும். அது தோலை வட்டமாக வெட்டி எடுத்துவிடும். முள்ளின் கனத்துக்குச் சரியான உளி, பழைய ஓட்டைகளின் நேர்கோட்டில், பக்கத்து ஓட்டையிலிருந்து 2 செ.மீ.க்குக் குறையாத தூரத்தில். அவிழ்ந்த தையலையும் அவரே தடித்த நைலான் நூலால் தைத்துக் கொடுப்பார். நாலு தையல் அவிழ்ந்த உடனே போனால் ஐந்து நிமிட வேலை. விட்டுவைத்தால் அடுக்கு பிரிந்து உள்ளே வியர்வை இறங்கிவிடும்.

நல்ல தோல் பெல்ட் பல வருடம் உழைக்கும். யாராவது பழையதை விற்றால் தயங்காமல் வாங்கலாம், ஏற்கெனவே பழகிய தோல் என்பது ஒரு லாபம்தான். ஓட்டைகள் நீளவாக்கில் இழுபட்டிருக்கிறதா, பக்கிள் மடிப்பில் வெடிப்பு இருக்கிறதா, லீவரில் மயிரிழை விரிசல் தெரிகிறதா என்று மட்டும் வெளிச்சத்தில் பாருங்கள். தேய்ந்த ஸ்வீடும் நிறம் போன தோலும் குறையல்ல. லீவர் விரிசல் விட்டிருந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பக்கிள் மடிப்பில் தோல் பாதிக்கு மேல் வெடித்திருந்தால் அந்த பெல்ட்டைக் கனமான எடைக்குக் கட்ட வேண்டாம்.